கைத்துப்பாக்கி உறையும் அதற்குரிய இடமும்: வாசகர் கேள்வி – பதில்

கடந்த இதழில் கைத்துப்பாக்கியைத் துடைத்துப் பேணுவது பற்றி எழுதியபோது, ஈரமான தோல் உறைக்குள் இரவு முழுவதும் துப்பாக்கியை விட்டுவைப்பவர்கள் மலைநாட்டில் துருவைத் தாங்களே வரவழைத்துக்கொள்கிறார்கள் என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரியைத் தொட்டு உறையைப் பற்றியே பல கடிதங்கள் வந்துள்ளன. அவற்றுள் ஐந்துக்கு இம்முறை பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, ஒரு தனியார் பாதுகாப்பு நிறுவனத்தில் அண்மையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். பணம் கொண்டுசெல்லும் வாகனத்தில் சாரதிக்குப் பக்கத்து ஆசனத்தில் இருந்து போவதும், தோட்டங்களில் இறங்கிப் படியேறிக் காரியாலயம் வரை பெட்டியோடு நடப்பதும் என் வேலை. 9 மில்லிமீற்றர் கைத்துப்பாக்கியை நிறுவனம் தருகிறது. உறையை நானே வாங்கிக்கொள்ள வேண்டும். இராணுவத்தினர் தொடையில் கட்டுவது போன்றதை வாங்க எனக்கு விருப்பம். இடுப்பில்தான் அணிய வேண்டும் என்கிறார் மேலதிகாரி. நெஞ்சில் அணிந்தால் வாகனத்தில் வசதி என்கிறான் நண்பன். எது சரி? — ஹட்டன் வாசகர்

பதில்: தம்பி, உங்கள் மேலதிகாரி சொல்வதே சரி. ஆனால் அது ஏன் சரி என்பதை அறிந்துகொண்டால்தான், நாளைக்கு வேறு வேலைக்கு மாறும்போது உறையையும் மாற்ற வேண்டுமா என்பதை நீங்களே முடிவு செய்ய முடியும்.

தொடை உறை இராணுவத்தில் பரவியதற்குக் காரணம், இடுப்பில் இடம் இல்லாமற் போனதுதான். குண்டு துளைக்காத அங்கி இடுப்பு வரை இறங்கி, இடுப்புப் பட்டியில் ரவைகளை அடுக்கும் ரவைக்கூட்டுக்கான பைகளும் மற்றப் பொருள்களும் நிறைந்துவிட்டால், கைத்துப்பாக்கி அவற்றுக்குக் கீழே இறங்கத்தான் வேண்டும். 1980 மே 5 அன்று இலண்டனில் ஈரானியத் தூதரகத்துக்குள் புகுந்த பிரித்தானிய எஸ்.ஏ.எஸ். சிறப்புப் படையினர் தங்கள் பிரவ்னிங் ஹை-பவர் துப்பாக்கிகளைத் தொடையில் கட்டியிருந்தார்கள். அந்தக் காட்சி தொலைக்காட்சி வழியாக உலகெங்கும் போனது; பலருடைய மனத்தில் தொடை உறை என்றால் திறமைசாலியின் உறை என்ற எண்ணம் தங்கிவிட்டது. அவர்கள் கவசமும் வாயு முகமூடியும் அணிந்து, சில நிமிடங்களில் முடியும் ஒரு வேலைக்குப் போனவர்கள் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். நீங்கள் காலை முதல் மாலை வரை ஏறி இறங்குகிறவர்.

ரவை நிரப்பிய 9 மில்லிமீற்றர் கைத்துப்பாக்கி ஏறக்குறைய ஒரு கிலோகிராம் எடை கொண்டது. அதை இடுப்பில் வைத்தால் உடலின் நடுப்பகுதி அந்தப் பாரத்தைச் சுமக்கிறது. தொடையில் கட்டினால் ஒவ்வொரு படிக்கும் கால் அதைத் தனியே தூக்கி வைக்க வேண்டும். சமதரையில் இந்த வேறுபாடு அதிகம் தெரியாது. நூற்றைம்பது படிகளுக்கு மேலே காரியாலயம் இருக்கிற ஒரு தோட்டத்தில், மழையில், கையில் பெட்டியுடன் ஏறும்போது நன்றாகத் தெரியும். நான் ஆயுதக் களஞ்சியத்துக்குப் பொறுப்பாக இருந்த காலத்தில், என் குழுவிலிருந்த ஓர் இளைஞர் இப்படித் தொடையில் கட்டிக்கொண்டு போய், நனைந்த படியில் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். தொடைப் பட்டி நழுவி, உறை காலைச் சுற்றிப் பின்பக்கம் திரும்பிவிட்டது. அவர் எழுந்து நின்று கையை வைத்த இடத்தில் துப்பாக்கி இல்லை. நல்ல வேளையாக அன்று அதை எடுக்க வேண்டிய தேவை ஏற்படவில்லை. ஆனால் அவருடைய முகம் வெளிறிய விதம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

கொழுந்துக் கூடையின் பாரத்தைத் தலைக் கயிறு தாங்கி முதுகில் தொங்கவிடுவது, இரண்டு கைகளும் கொழுந்துக்கு வேண்டியிருப்பதால்தான். சுமையின் இடத்தை வேலை தீர்மானிக்கிறது என்பது எங்கள் தாய்மாருக்குத் தெரிந்த கணக்கு. கைத்துப்பாக்கிக்கும் அந்தக் கணக்கையே போடுங்கள்: வேலை நேரத்தில் நீங்கள் எப்படி இருக்கிறீர்கள், எதைச் சுமக்கிறீர்கள், எந்தக் கை ஓய்வாக இருக்கிறது என்பதை முதலில் எழுதிவிட்டு, அதன் பிறகு கடைக்குப் போங்கள்.

நெஞ்சு உறையைச் சொன்ன உங்கள் நண்பனும் பிழையாகச் சொல்லவில்லை. நாள் முழுவதும் வாகனத்துக்குள் அல்லது விமானத்துக்குள் இருப்பவர்களுக்கு, கவச அங்கியின் மேல் பொருத்திய நெஞ்சு உறை உண்மையில் வசதியானது. ஆனால் அதற்கு அந்த அங்கி வேண்டும். வெறும் சட்டையின் மேல் அது நிற்காது. மேலும் பெரும்பாலான நெஞ்சு உறைகளில் குழல் உங்கள் இடது கையின் பக்கமாகச் சாய்ந்திருக்கும். எடுக்கும்போது சொந்தக் கையையும் பக்கத்தில் நிற்பவரையும் குழல்வாய் கடந்து போகும். அதற்கெனப் பயிற்சி பெறாதவர் அதைத் தொடக்கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

ஆகவே நீங்கள் வலக்கைப் பழக்கம் உள்ளவரானால் உங்களுக்கு வலது இடுப்பு. ஆனால் அங்கேயும் ஒரு சிக்கல் இருக்கிறது. அதைக் கடைக்காரர் சொல்லமாட்டார். எங்கள் நாட்டில் சாரதி வலது பக்கம் இருக்கிறார். நீங்கள் இடது பக்கம். இடது ஆசனத்தின் பட்டி இடது தோளிலிருந்து இறங்கி, உங்கள் வலது இடுப்பில்தான் கொளுவிக்குள் போகிறது. அதாவது ஆசனப் பட்டியின் கொளுவியும் உங்கள் துப்பாக்கியும் ஒரே இடத்துக்குப் போட்டியிடுகின்றன. உறை மிகத் தாழ்ந்திருந்தால் கொளுவி அதன் கீழ் அகப்பட்டு, அவசரத்தில் பட்டியைக் கழற்ற முடியாமற் போகும். மிகப் பின்னே தள்ளியிருந்தால் ஆசனத்தின் முதுகு அதை முன்னோக்கி நெம்பும். காற்சட்டையின் பக்கத் தையலுக்குச் சற்றே பின்னால், இடுப்புப் பட்டியின் மேல் விளிம்புக்கு மேலே பிடி முழுவதும் நிற்கும் உயரத்தில் அமைந்த உறைதான் இந்த ஆசனத்தோடு ஓரளவு ஒத்துப்போகும். வாகனத்திலிருந்து இறங்கும்போது முதலில் ஆசனப் பட்டியைக் கழற்றி, அது உறையை விட்டு முழுமையாக விலகியதைக் கையால் தடவிப் பார்த்த பிறகே கதவைத் திறக்கப் பழகுங்கள்.

இனி உறையின் குணங்கள். அதன் முதற் கடமை, சுடுவதற்கு விரலால் இழுக்கும் விசையையும் அதைச் சுற்றியுள்ள வளையத்தையும் முழுமையாக மூடுவது. இன்றைய பல கைத்துப்பாக்கிகளில் தனியே நகர்த்தும் பாதுகாப்பு நெம்புகோல் கிடையாது; உறையின் சுவர்தான் அந்த வேலையைச் செய்கிறது. துப்பாக்கி உள்ளே இருக்கும்போது வெளியிலிருந்து ஒரு பென்சிலாலும் விசையைத் தொட முடியாதிருக்க வேண்டும். இரண்டாவது கடமை, பிறர் இழுத்தாலும் கொடாமல் பிடித்துக்கொள்வது. வெளியே தெரியும்படி அணிபவருக்கு இது இன்றியமையாதது. அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் முன்னாள் அலுவலர் பில் ரோஜர்ஸ் வகுத்த சோதனையை வைத்து உறைகளை நிலை ஒன்று, நிலை இரண்டு, நிலை மூன்று என்று பிரிக்கிறார்கள். எண் கூடக் கூடப் பூட்டுகளும் கூடும் என்று சுருக்கமாக நினைவில் வைக்கலாம். கூட்டத்துக்குள் நடக்கிற உங்களுக்கு நிலை இரண்டு குறைந்தபட்சம். பூட்டைப் பெருவிரலால் திறக்கும் அமைப்பையே தேர்ந்தெடுங்கள். சுட்டுவிரலால் பொத்தானை அழுத்தித் திறக்கும் உறைகளும் விற்பனைக்கு உண்டு. அழுத்திய வேகத்திலேயே அந்த விரல் விசைக்குள் போய்விடக்கூடும் என்பதால் பல பயிற்சிக்கூடங்கள் அவற்றை அனுமதிப்பதில்லை. வேகம் இவற்றுக்கெல்லாம் பின்னால்தான் வரும். உங்கள் துப்பாக்கியின் சரியான மாதிரிக்கென்றே வார்க்கப்பட்ட உறையாகவும் இருக்க வேண்டும். எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தும் என்று விற்பது எதற்கும் சரியாகப் பொருந்தாது.

பட்டியையும் மறந்துவிடாதீர்கள். சாதாரணக் காற்சட்டைப் பட்டியில் எவ்வளவு நல்ல உறையைக் கோர்த்தாலும் அது வெளிப்பக்கம் சரிந்து தொங்கும். முறுக்கினாலும் மடியாத, உறையின் வளையத்தை இறுக்கமாக நிரப்பும் அகலமுள்ள பட்டி வேண்டும். கையில் இருக்கும் பணம் அளவானது என்றால், விலை குறைந்த பட்டியில் விலை கூடிய உறையைத் தொங்கவிடுவதைவிட இரண்டிலும் நடுத்தரமானதை வாங்குவதே நல்லது.

வாங்கிய பிறகு, ரவைக்கூட்டைக் கழற்றி, துப்பாக்கிக் குழலின் பின்னுள்ள ரவை அறையில் ரவை இல்லையென்று கண்ணாலும் விரலாலும் இருமுறை உறுதி செய்துகொண்டு, மேலதிகாரியின் முன்னிலையில் வெறுந்துப்பாக்கியோடு அந்த வாகனத்திலேயே ஏறி இருந்து பாருங்கள், பெட்டியைத் தூக்கிப் படியேறுங்கள், குந்தி எழும்புங்கள், மழை அங்கியை அணிந்துகொண்டும் இவை எல்லாவற்றையும் செய்யுங்கள். மழை அங்கியைக் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அதன் அடிப்பகுதியில் தொங்கும் இழுகயிறும் அதன் முனைக் குமிழும் துப்பாக்கியை உறைக்குள் திருப்பி வைக்கும்போது விசை வளையத்துக்குள் சிக்கினால் வெடிக்கும். அந்தக் கயிற்றை வெட்டி எறிந்துவிடுங்கள். எடுக்கும்போது அவசரம் இருக்கலாம். திருப்பி வைக்கும்போது ஒருவருக்கும் அவசரம் இல்லை. உறையின் வாயைக் கண்ணால் பார்த்து, விரலை நீட்டி வைத்து, மெதுவாக வையுங்கள்.

கேள்வி: திரைப்படங்களில் துப்பறிவாளர்கள் அணியும் தோள் உறை, இடுப்பு வலி உள்ளவருக்கு நல்லதா? — கண்டி வாசகர்

பதில்: இடுப்புக்கு நல்லது, பின்னால் நிற்பவருக்கு நல்லதன்று. துப்பாக்கியைக் கிடையாகத் தொங்கவிடும் தோள் உறையில் குழல்வாய் எப்போதும் பின்னால் இருப்பவரை நோக்கியிருக்கும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கத் தாங்கிப் படையினருக்கும் விமானிகளுக்கும் வழங்கப்பட்ட எம்3, எம்7 தோள் உறைகளில் குழல் நிலத்தை நோக்கித் தொங்கியது. குறுகிய இருக்கையில் இடுப்பை அசைக்க முடியாதவர்களுக்காக அமைந்த ஏற்பாடு அது. நடமாடும் வேலைக்கு நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன். முதுகு வலிக்கு, பாரத்தைத் தோளோடு பகிர்ந்துகொள்ளும் வார்களை இடுப்புப் பட்டியில் பூட்டிப் பாருங்கள்.

கேள்வி: என் கணவர் பொலிஸ் சேவையில் இருக்கிறார். அவருடைய தோல் உறையில் மழைக்காலம் முழுவதும் வெள்ளைப் பூசணம் படிகிறது. பித்தளைக் குமிழ்களைச் சுற்றிப் பச்சையாக ஏதோ கசிகிறது. அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டதில் தோல் விறைத்துவிட்டது. என்ன செய்யலாம்? — நுவரெலியா வாசகி

பதில்: சகோதரி, முதலில் அதை அடுப்பிலிருந்து இறக்குங்கள். நனைந்த தோலைச் சூட்டில் உலர்த்தினால் அதன் நார்கள் சுருங்கி இறுகிவிடுகின்றன. பிறகு எந்த எண்ணெயும் அதை முழுமையாகப் பழைய நிலைக்குக் கொண்டுவராது. காற்று ஓடும் நிழலில், வாய் திறந்திருக்கும்படி, தாளைச் சுருட்டி உள்ளே வைத்து மெதுவாக உலர விடுவதுதான் முறை. கடல் மட்டத்திலிருந்து 1800 மீற்றருக்கு மேல் இருக்கிற உங்கள் ஊரில் அதற்கு இரண்டு நாள்கள் கூடச் செல்லும், பொறுத்திருங்கள்.

பூசணத்தை வீட்டுக்குள் தட்டாமல் வெளியே கொண்டுபோய் மென்மையான தூரிகையால் துடையுங்கள். அதன்பின் சம அளவு நீர் கலந்த வினாகிரியில் துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து, மேலாக ஒருமுறை துடைத்து உலர விடுங்கள். பச்சைக் கசிவு வேறொன்றுமில்லை, களிம்புதான். பித்தளையிலுள்ள செம்பு, தோலில் ஊறியிருக்கும் கொழுப்போடும் ஈரத்தோடும் சேரும்போது அது உண்டாகிறது. கூர்மையான மரக்குச்சியால் சுரண்டி எடுங்கள். இரும்பால் சுரண்டினால் பித்தளையில் கீறல் விழுந்து, அடுத்த முறை களிம்பு அங்கேயே தொடங்கும். எண்ணெயை அள்ளிப் பூசாதீர்கள். எண்ணெய் ஊறிய உறை மென்மையாகி, வாய் தளர்ந்து, துப்பாக்கியைப் பிடிக்காது. தளர்ந்த தோலின் மடிப்பு விசையில் இடிக்கவும் கூடும். தேன்மெழுகு சேர்ந்த மெழுகை மிக மெல்லிதாக வெளிப்புறத்தில் மட்டும் தேய்த்தால் போதும். பொலித்தீன் பையில் கட்டி வைப்பது பூசணத்துக்கு விதைமேடை போடுவதற்குச் சமம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, துப்பாக்கி அந்த உறைக்குள் இரவு தங்கக்கூடாது. தோலைப் பதப்படுத்தப் பயன்படும் பட்டைச் சாற்றின் அமிலமும், அதில் தங்கிய ஈரமும், வியர்வை உப்பும் சேர்ந்து இரும்பை அரித்துவிடும். கடமை முடிந்ததும் துப்பாக்கி களஞ்சியத்துக்கும், உறை ஆணிக்கும் தனித்தனியே போகட்டும். விறைத்துப்போன உறையின் வாயோரம் வெடித்திருந்தால் அதைச் செப்பனிட முயலாமல் மாற்றிவிடுவதே பாதுகாப்பு. ஈரம் உறிஞ்சுவது தோலின் இயல்பு என்பதால்தான், அமெரிக்க இராணுவம் 1985இல் பெரெட்டா எம்9 துப்பாக்கியை ஏற்றபோது அதற்குத் தோல் உறையை விட்டு நைலோன் உறையை எடுத்துக்கொண்டது. இன்று கைடெக்ஸ் எனப்படும் கடினமான பிளாஸ்டிக் தகடு பரவலாகிவிட்டது. அதில் பூசணம் பிடிக்காது, வடிவம் தளராது. மணல் புகுந்தால் துப்பாக்கியின் மேற்பூச்சை உராய்க்கும் என்பது அதன் குறை. மழைநாட்டுக்கு நான் அதையே தேர்ந்தெடுப்பேன், தோலின் மீது எனக்கு எவ்வளவு பிரியம் இருந்தபோதிலும்.

கேள்வி: என் தாத்தா ஒரு தோட்டத்துத் துரை பங்களாவில் அப்புவாக இருந்தவர். அவருடைய பழைய பெட்டியில், மூடியுள்ள தோல் உறை ஒன்றும், குறுக்கு வாருடன் கூடிய அகன்ற பட்டியும் கிடைத்தன. பட்டியில் உறை இடது இடுப்புக்கு வரும்படி, பிடி முன்பக்கம் பார்க்கும்படி கோர்க்கப்பட்டிருக்கிறது. உரிமையாளர் இடக்கைப் பழக்கம் உள்ளவரா? — பண்டாரவளை வாசகர்

பதில்: பெரும்பாலும் இல்லை. இடது இடுப்பில் பிடி முன்னோக்கி இருந்தால், வலக்கையை வயிற்றுக்குக் குறுக்கே கொண்டுபோய் எடுப்பதற்கான அமைப்பு அது. குதிரை மேலோ வாகனத்திலோ இருப்பவருக்கு இடுப்பின் பக்கத்தை விட முன்புறம் எளிதில் எட்டும். ஜெர்மானிய அதிகாரிகள் தங்கள் லூகர் துப்பாக்கியை இடது முன்புறத்தில் இப்படித்தான் அணிந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்கக் குதிரைப் படையினர் இதற்கு மாறாக, வலது இடுப்பிலேயே பிடியை முன்னோக்கி வைத்தார்கள். இடது இடுப்பு வாளுக்கு உரியதாக இருந்தது, வாளை வலக்கைதான் உருவியது. இடத்தைக் கைத்துப்பாக்கி தேர்ந்தெடுக்கவில்லை, வாள் விட்டுக்கொடுத்த இடத்தில் அது தங்கியது.

மேல்மூடி பற்றி ஒரு சொல். அக்காலத்து அதிகாரிக்குக் கைத்துப்பாக்கி கடைசி ஆயுதம். நாள்கணக்கில் சேற்றிலும் மழையிலும் பயன்படாமல் கிடந்து, ஒருமுறை தேவைப்படும்போது வேலை செய்ய வேண்டும். ஆகையால் எடுக்கும் வேகத்தைக் கொடுத்து மூடியின் காப்பை வாங்கினார்கள்.

குறுக்கு வாருக்குப் பின்னால் ஒரு மனிதரின் இழப்பு இருக்கிறது. இந்தியாவில் பணியாற்றிய சாம் பிரவுன் என்ற பிரித்தானிய அதிகாரி 1858ஆம் ஆண்டுச் சண்டையொன்றில் இடது கையை இழந்தார். அக்காலத்து வாள் பட்டியில் தொங்கி ஆடியதால், உருவும்போது இடக்கையால் வாளுறையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. பிடிக்கக் கை இல்லாத அவர், வாளை இடுப்போடு நிலையாக நிறுத்தும் பட்டியையும், அதன் பாரத்தைத் தாங்க வலது தோளுக்கு மேலாகப் போகும் வாரையும் அமைத்துக்கொண்டார். கைத்துப்பாக்கி உறையும் அதே பட்டியில் கோர்க்கப்பட்டது. அவர் பெயரிலேயே வழங்கும் அந்தப் பட்டி பிறகு பிரித்தானிய அதிகாரிகளின் சீருடையில் இடம்பெற்று, பல நாடுகளுக்கும் பரவியது.

உங்கள் உறை எவருடையது என்பதை முத்திரை ஓரளவு சொல்லும். மூடியின் உட்புறத்தில் அகன்ற அம்புக்குறி இருந்தால் அது பிரித்தானிய அரசுச் சொத்தாக இருந்தது. வெளிமூடியில் ‘யு.எஸ்.’ என்ற எழுத்துகள் முட்டை வடிவ வளையத்துக்குள் அழுத்தப்பட்டிருந்தால், அமெரிக்கர்களின் 1911 மாதிரித் துப்பாக்கிக்குரிய உறையாக இருக்கக்கூடும். 1944 ஏப்ரலில் நேச நாட்டுப் படைகளின் தளபதி மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியத் தலைமையகம் கண்டிக்கு வந்து, பேராதனைப் பூங்காவில் இயங்கியது. அங்கே இரு நாட்டவரும் இருந்தார்கள். எந்த முத்திரையும் இல்லையென்றால், அதிகாரி தம் பணத்தில் செய்வித்த உறையாகலாம். 1900இல் அமைக்கப்பட்டு 1949இல் கலைக்கப்பட்ட இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படைப்பிரிவில் சேர்ந்திருந்த துரைமார் பலர் எங்கள் மலைகளிலேயே வாழ்ந்தார்கள் என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள். தோலை எண்ணெயிட்டுப் புதிதாக்க முயலவேண்டாம், முத்திரை அழிந்துவிடும். உறைக்குள்ளோ பெட்டியின் அடியிலோ பழைய ரவை ஒன்று இருந்தாலும் அதைத் தொடாமல் அருகிலுள்ள பொலிஸ் நிலையத்துக்கு அறிவியுங்கள்.

கேள்வி: நான் ஆயுதப் பாதுகாப்புப் பணியில் உள்ள பெண், இடக்கைப் பழக்கம் உள்ளவள். எனக்குத் தந்த உறை வலப்பக்கத்துக்குரியது. அதைத் திருப்பி அணிந்தால் பிடி விலாவில் குத்துகிறது. பழகிக்கொள் என்கிறார்கள். பழகத்தான் வேண்டுமா? — பதுளை வாசகி

பதில்: வேண்டாம், மகளே. வலப்பக்க உறையை இடது இடுப்பில் மாட்டினால் பிடி பின்புறம் பார்ப்பதற்குப் பதிலாக முன்புறம் திரும்பிவிடும். பெருவிரலுக்குரிய பூட்டு உடற்பக்கமே நின்று, வெளிப்பக்கம் வரும் உங்கள் பெருவிரலுக்கு எட்டாமற் போகும்; பிடியோ எதிரே நிற்பவருக்கு எட்டும்படி அமையும். அது பழகித் தீரும் விடயமில்லை. இடக்கைக்கென்று செய்த உறை வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். மேலே சொன்ன எம்9 துப்பாக்கிக்கான நைலோன் உறை, எந்தப் பக்கமும் மாற்றிப் பூட்டும்படியே வடிவமைக்கப்பட்டது. ஓர் இராணுவம் தன் இடக்கையர்களுக்காக யோசித்த விடயத்தை உங்கள் நிறுவனமும் யோசிக்கலாம்.

விலாவில் குத்துவது தனிப் பிரச்சினை. பெண்களுக்கு இடுப்பெலும்பு அகன்றும், பட்டிக்கும் அக்குளுக்கும் இடையிலான தூரம் குறைந்தும் இருப்பது வழக்கம். அதனால் நேரே தொங்கும் உறையின் கீழ்ப்பகுதியை இடுப்பு வெளியே தள்ள, பிடி உள்ளே சாய்ந்து விலாவில் இடிக்கிறது. உறையைப் பட்டிக்குச் சற்றுக் கீழே இறக்கி, உடலிலிருந்து சற்று விலக்கி நிறுத்தும் இணைப்புத் தகடுகள் இதற்கென்றே விற்கப்படுகின்றன. நான்கு விரல் அகல இறக்கத்துக்கு மேல் வேண்டாம், அதற்குக் கீழே போனால் ஹட்டன் தம்பிக்குச் சொன்ன தொடைச் சிக்கல் உங்களுக்கும் வரும். தகட்டைப் பூட்டும் திருகாணிகள் நடையில் தளரும். ஒவ்வொரு வாரமும் இறுக்கிப் பாருங்கள்.